சிறிய சரக்கு விமானம் ஏன் இன்னும் அலுமினியத்திலேயே இருக்கிறது?

#1 இழைஅடுக்கி (ஓசூர்)

அனைவருக்கும் வணக்கம். பதினாறு ஆண்டுகளாக விமானப் பாகங்கள் செய்யும் பட்டறைகளில் லே-அப் வேலை பார்க்கிறேன். பிசின் ஊறிய கார்பன் துணிச் சுருளை, நாங்கள் பிரீபிரெக் என்போம், கழித்தல் 18 டிகிரி உறைபெட்டியிலிருந்து எடுத்து வைத்து, பையின் மேல் பூத்த நீர் முழுக்கக் காயும்வரை காத்திருந்து, பிறகு பிரித்து வெட்டி, அச்சின் மேல் ஒவ்வோர் அடுக்காகப் படியவைத்து, வெற்றிடப் பை கட்டி ஆட்டோகிளேவுக்குள், அதாவது வெப்பமும் அழுத்தமும் கொடுத்துப் பிசினை இறுக்கும் உலைக்குள், அனுப்புவது என் பிழைப்பு. பையில் ஊசித்துளை இருந்தால் காதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். மெல்லிய சீறல் ஒன்று கேட்கும். அந்த இடத்தில் ஒட்டுப்பசையை அழுத்தினால் நின்றுவிடும்.

நாங்கள் செய்யும் பாகங்கள் பெரிய பயணிகள் விமானங்களுக்குப் போகின்றன. போயிங் 787-இன் எடையில் ஏறக்குறைய பாதி, இப்படி இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள். ஏர்பஸ் 350-இல் பாதிக்கும் சற்று மேல். ஆனால் சிற்றூர்களுக்குப் பார்சல் கொண்டுபோகும் விமானங்களைப் பாருங்கள். ஃபெடெக்ஸ் நிறுவனம் 2017-இல் செஸ்னாவிடம் ஐம்பது ஸ்கைகூரியர் விமானங்களுக்கு உறுதி ஆர்டர் கொடுத்தது, இன்னும் ஐம்பதுக்கு விருப்ப உரிமையும் வைத்துக்கொண்டது. அந்த விமானம் 2020-இல் முதன்முதலாகப் பறந்து, 2022-இல் சான்று பெற்றது. பழைய வடிவத்தைத் திருத்தியதல்ல, வெற்றுத்தாளில் தொடங்கி வரைந்தது. ஆனாலும் அலுமினியத் தகடு, ரிவெட், மடங்காத சக்கரம்!

கார்பன் அடுக்கின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.6 கிராம். விமான அலுமினியம் 2.8. இந்த வித்தியாசம் கண்முன் இருக்கும்போது, சரக்கு விமானத்தை இலேசாகச் செய்து எரிபொருளையும் புகையையும் குறைக்க ஏன் யாரும் முன்வரவில்லை? என் கைக்குத் தெரிந்த தொழில் இந்த வேலைக்குப் பயன்பட வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சரக்குமுனை (மீனம்பாக்கம்)

நல்ல கேள்வி அண்ணா. நான் சென்னை விமான நிலையச் சரக்கு முனையத்தில் வேலை பார்ப்பவன். விமானம் கட்டுவதைப் பற்றி எனக்குத் தெரியாது, விமானத்துக்குள் என்ன போகிறது என்பது தெரியும்.

இணையத்தில் வாங்கும் பொருள்களின் பார்சல் எடையால் நிறைவதே இல்லை, இடத்தால்தான் நிறைகிறது. தலையணை, காலணி, பொம்மை, உள்ளே பாதிக்கு மேல் காற்றடைத்த பை. அதனால்தான் விமானச் சரக்கில் 6,000 கன சென்டிமீட்டரை ஒரு கிலோவாகக் கணக்கிட்டுக் கட்டணம் போடுகிறோம். கூரியர்காரர்கள் 5,000-த்துக்கே ஒரு கிலோ போடுவார்கள். கதவை மூடும்போது இன்னும் ஐந்நூறு கிலோ ஏற்ற எடை அனுமதி இருக்கும், ஒரு பெட்டி வைக்க இடம் இருக்காது. அப்படிப்பட்ட விமானத்தை இலேசாக்கினால் கூடுதலாக எதை ஏற்றுவீர்கள்? ஸ்கைகூரியரின் உடல் சதுரமாக இருப்பதற்கும் காரணம் இதுதான். பெரிய விமானங்களில் ஏறும் எல்.டி.3 கொள்கலன் மூன்றை அதில் அப்படியே தள்ளிவிடலாம். வாங்குகிறவர் கேட்டது அதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தளத்தில் ஃபோர்க்லிஃப்ட் முள் படாத விமானம் கிடையாது. அலுமினியத்தில் பட்டால் குழி விழும், கண்ணுக்குத் தெரியும், எழுதி வைத்துப் பொறியாளரைக் கூப்பிடுவோம். கார்பனில் பட்டால் வெளியே ஒன்றும் தெரியாது என்கிறார்களே, உண்மையா?

#3 இழைஅடுக்கி

உண்மைதான் தம்பி. மேல்தோல் மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். உறுதிசெய்ய மீயொலிக் கருவி வேண்டும். இதைப் பற்றி என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது, செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

#4 மேகலை (குரோம்பேட்டை)

ஐயா, நான் வானூர்திப் பொறியியல் இறுதியாண்டு மாணவி. யாரும் முன்வரவில்லை என்பது முழுதும் சரியில்லை. எக்ஸ்-55 என்ற விமானத்தைப் பற்றி இங்கே அவசியம் பேச வேண்டும்.

அமெரிக்க விமானப்படை ஆய்வகமும் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனமும் சேர்ந்து ஒரு டோர்னியர் 328 ஜெட் விமானத்தை எடுத்துக்கொண்டன. விமானி அறை, இறக்கை, எஞ்சின் எல்லாம் பழையவை. விமானி அறைக்குப் பின்னால் இருந்த உலோக உடலை நீக்கிவிட்டு, சரக்கு ஏற்றுவதற்கேற்ற அகலமான உடலையும் செங்குத்து வாலையும் கூட்டுப்பொருளில் செய்து பொருத்தினார்கள். 2009 ஜூன் 2 அன்று கலிபோர்னியாவின் பாம்டேலில் 87 நிமிடம் பறந்தது. அதன் பெயரே ‘மேம்பட்ட கூட்டுப்பொருள் சரக்கு விமானம்’ என்பதுதான்.

என்னை வியக்கவைத்தது அதன் எடை அல்ல, எண்ணிக்கை. பழைய உலோக அமைப்பில் ஏறக்குறைய 3,000 பாகங்கள் இருந்தன, புதியதில் சில நூறுதான். ரிவெட், போல்ட் போன்ற இணைப்பான்கள் பல்லாயிரம் இருந்த இடத்தில் ஏறக்குறைய 4,000. உடலை மேல்பாதி, கீழ்பாதி என இரண்டு பெரிய ஓடுகளாகச் செய்து ஒட்டினார்கள். ஆட்டோகிளேவ் இல்லாமல், குறைந்த வெப்பத்தில், அடுப்பிலேயே இறுகும் பிசினைப் பயன்படுத்தினார்கள். சரக்கு விமானத்துக்குக் கூட்டுப்பொருள் தேவைப்படுவது எடையைக் குறைப்பதற்கு என்று நாம் நினைக்கிறோம். அந்தக் குழு அதைச் செய்துகாட்டியது வேலையைக் குறைப்பதற்காக. பல்லாயிரம் ஓட்டைகள் துளைக்க வேண்டியதில்லை என்றால் எத்தனை நாள் மிச்சம்!

#5 வடதிசை வானோடி (ஒன்ராறியோ)

மேகலைத் தங்கை சொன்னது பெரிய விஷயம். நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். கனடாவில் பதினோரு ஆண்டுகளாகச் சரக்கு ஓட்டுகிறேன், பெரும்பாலும் செஸ்னா காரவான் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானம். முதல் நான்கு ஆண்டுகள் ஒரு கூரியர் நிறுவனத்துக்கான ஒப்பந்த வேலை. விடியற்காலையில் பெரிய நிலையத்தில் பார்சலை ஏற்றி, ஒரு மணி நேரம் பறந்து சிறிய ஊரில் இறக்கிவிட்டால் அன்றைய பகல் முழுக்க விமானம் அங்கேயே நிற்கும். மாலையில் அந்த ஊர்ப் பார்சலோடு திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் எஞ்சின் ஓடும். பயணிகள் ஜெட் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். காரவான் மணிக்கு ஏறக்குறைய 150 கிலோ எரிபொருள் குடிக்கும். நாளுக்கு இரண்டு மணி, ஆண்டுக்கு 250 நாள் என்றால் 75 டன். கூட்டுப்பொருளால் பத்து விழுக்காடு மிச்சம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். (தாராளம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், தொங்கும் சக்கரமும் இறக்கைத் தாங்கு கம்பியும் வயிற்றுக்குக் கீழே உள்ள சரக்குக் கூடும் இழுக்கும் காற்றுத்தடை, எடை குறைந்தாலும் குறையாது.) ஏழரை டன் மிச்சம். இந்தியக் கணக்கில் கிலோ லிட்டர் ஓர் இலட்ச ரூபாய் என்று வைத்தால் ஒன்பது இலட்சத்துச் சொச்சம். அந்தத் தொகைக்காகப் பல கோடி கூடுதலாகக் கொடுத்து எந்த முதலாளி புதுப்பொருளில் செய்த விமானத்தை வாங்குவார்? இலேசான விமானம் பறந்தால்தான் தன் விலையைத் திருப்பித்தரும். நின்றுகொண்டிருக்கும் விமானம் எவ்வளவு இலேசாக இருந்து என்ன பயன்? ஸ்கைகூரியர் அலுமினியத்தில் வந்ததற்கு விடை இதில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறகு வடக்கே போனேன். சரளைக்கல் ஓடுபாதை. புரொப்பெல்லர் வாரியடிக்கும் கல் வயிற்றுத் தகட்டில் படபடவென்று அடிப்பது இருக்கையில் கேட்கும். ஒரு ஜனவரி மாதம், கழித்தல் முப்பது டிகிரியில், கதவோரத்தில் ஒரு கை அகலத்துக்குத் தகடு கிழிந்துவிட்டது. எங்கள் மெக்கானிக் கையுறையைக் கழற்றி, பத்து எண்ணும்வரை துளையிட்டு, மறுபடியும் கையுறை மாட்டி, மறுபடியும் கழற்றி, இரண்டு மணி நேரத்தில் ஒட்டுத்தகடு வைத்து ரிவெட் அடித்துவிட்டார். அன்று மாலையே பறந்தோம். கார்பனாக இருந்தால்?

#6 இழைஅடுக்கி

அண்ணா, உண்மையைச் சொல்கிறேன், அன்று பறந்திருக்க முடியாது. அடிபட்ட இடத்தைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். தடிமன் ஒரு மில்லிமீட்டர் என்றால் சரிவு இருபது, முப்பது மில்லிமீட்டர் நீளும். உள்ளே ஈரம் இருந்தால் முதலில் உலர்த்த வேண்டும். புது அடுக்குகளை வைத்து வெப்பப் போர்வை போர்த்தி, வெற்றிடம் இழுத்து, சில மணி நேரம் சீராகச் சூடேற்ற வேண்டும். சூடான கொட்டகை இல்லாமல் இதை நினைத்தே பார்க்க முடியாது. அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும்.

உங்கள் எரிபொருள் கணக்கு என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. இத்தனை ஆண்டுகளாக நான் ஒரு கிலோ குறைந்தால் ஒரு கிலோ நன்மை என்றே நினைத்திருக்கிறேன்.

#7 தண்டவாளம் (திருச்சி)

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் ஆர்வத்தோடு பேசுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வானோடித் தம்பி சொன்ன 75 டன்னுக்கு 237 டன் புகை. அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு ‘தூய்மையான சரக்கு’ என்று பெயர் சூட்டலாமா? அதே சரக்கு ரயிலிலோ லாரியிலோ போனால் டன்-கிலோமீட்டருக்கு ஆகும் புகை விமானத்தின் சிறு பங்குதான். திருச்சியிலிருந்து சென்னைக்கு இரவு வண்டியில் ஏற்றினால் காலையில் எழும்பூரில் இறங்கும் பொருளுக்கு இறக்கை எதற்கு? விமானம் மலிவாகவும் தூய்மையாகவும் ஆகிவிட்டது என்று சொல்லிச் சொல்லியே தரையில் போன சரக்கை மேலே ஏற்றிவிடுவார்கள் என்பது என் பயம். அப்படி நடந்தால் விமானம் எவ்வளவு இலேசாக இருந்தாலும் மொத்தப் புகை கூடத்தான் செய்யும். கார்பன் இழை செய்வதற்கே எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

#8 வடதிசை வானோடி

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. தண்டவாளமும் நல்ல சாலையும் உள்ள ஊருக்கு இடையே பார்சல் விமானம் விடுவதை நானும் ஆதரிக்க மாட்டேன். என் பிழைப்பே அது என்றாலும் சொல்கிறேன்.

ஆனால் நான் பறக்கும் வடக்கு ஒன்ராறியோவில் பழங்குடி மக்களின் ஊர்கள் பலவற்றுக்கு ஆண்டு முழுக்கப் போகும் சாலை கிடையாது. குளிர்காலத்தில் ஏரியும் சதுப்பும் உறைந்த பிறகு சில வாரங்களுக்குப் பனிச்சாலை போடுவார்கள். வீடு கட்டும் மரம், டீசல், வண்டி எல்லாம் அந்தச் சில வாரங்களில் லாரியில் போயாக வேண்டும். இப்போது குளிர் தாமதமாக வருகிறது, பனி மெலிகிறது, சாலை திறக்கும் நாள்கள் குறைகின்றன. லாரியில் போக வேண்டிய டீசலைக்கூட விமானத்தில் ஏற்ற வேண்டியதாகிறது. புவி சூடானதால் சாலை போகிறது, சாலை போனதால் விமானம் கூடுகிறது, அந்த விமானம் இன்னும் புகை விடுகிறது. இதை நான் ஒவ்வோர் ஆண்டும் கண்ணால் பார்க்கிறேன். அங்கே ஒரு நான்கு லிட்டர் பால் விற்கும் விலையைக் கேட்டால் வயிறு எரியும்.

இந்த ஊர்களுக்கு எடைதான் எல்லாம். தலையணையும் பொம்மையும் அல்ல, டீசல் பீப்பாயும் தண்ணீர் பெட்டியும் அரிசியும் ஜெனரேட்டர் பாகமும். இடம் பாதி காலியாக இருக்கும்போதே எடை நிறைந்துவிடும். விமானமும் நாள் முழுக்க ஓடும், வானிலை விட்டால் ஆறு, ஏழு சுற்று. சென்னை முனையத்துத் தம்பியின் கணக்கும் என் பழைய கணக்கும் இங்கே தலைகீழாகிவிடுகின்றன. இழைஅடுக்கி நண்பரின் கேள்விக்கு இங்கே இடம் இருக்கிறது.

#9 சரக்குமுனை

நம் பக்கத்தில் இதற்கு ஒப்பான இடம் இலட்சத்தீவு. அங்குள்ள அகத்தி தீவின் ஓடுபாதை ஏறக்குறைய 1,200 மீட்டர்தான். ஏ.டி.ஆர். என்ற புரொப்பெல்லர் பயணிகள் விமானம் முழு எடையோடு அங்கே இறங்கிப் புறப்பட முடியாது, சுமையைக் குறைத்துக்கொண்டுதான் போகும். வெற்று விமானத்தில் ஒரு கிலோ குறைத்தால் மருந்தோ மீனோ ஒரு கிலோ கூடுதலாகப் போகும். சுற்றிலும் கடல் என்பதால் அலுமினியத்தை உப்பு தின்னும். கார்பனை உப்பு ஒன்றும் செய்யாதல்லவா?

#10 இழைஅடுக்கி

கார்பனை ஒன்றும் செய்யாது. ஆனால் கார்பன் பக்கத்தில் இருக்கும் அலுமினியத்தைக் கார்பனே தின்றுவிடும். இரண்டும் தொட்டுக்கொண்டு உப்புநீரும் சேர்ந்தால் மின்கலம் போல வேலை செய்து அலுமினியம் அரிக்கும். அதனால் இடையில் கண்ணாடி இழை அடுக்கு ஒன்று போடுவோம், அலுமினிய ரிவெட்டுக்குப் பதில் டைட்டானியம் வைப்போம். எங்கள் பட்டறையில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுப்பேன்.

பழைய கதை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1980-களில் அமெரிக்காவின் பீச்கிராஃப்ட் நிறுவனம் ஸ்டார்ஷிப் என்ற விமானத்தைக் கார்பன் இழையில் செய்தது. பர்ட் ரூட்டனின் வடிவமைப்பு. அழகில் அதற்கு இணை இல்லை. ஆனால் முழுக் கூட்டுப்பொருள் வணிக விமானத்துக்குச் சான்று கொடுத்த பழக்கம் அப்போது அதிகாரிகளுக்கு இல்லை. பாதுகாப்புக்காக இங்கே இரண்டு அடுக்கு, அங்கே நான்கு அடுக்கு என்று கூட்டிக்கொண்டே போய், கடைசியில் திட்டமிட்ட எடையை வெகுவாகத் தாண்டிவிட்டது. 53 விமானங்களோடு உற்பத்தி நின்றது. பெரும்பாலானவற்றை நிறுவனமே திரும்ப வாங்கி அழித்துவிட்டது.

நம் சரஸ் விமானத்திலும் எடை ஒரு பெரிய பாடம். பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்.) வடிவமைத்த 14 இருக்கை விமானம் அது. 2004 மே 29 அன்று முதன்முதலாகப் பறந்தது. 4,125 கிலோவாக இருக்க வேண்டிய வெற்று எடை, முதல் மாதிரியில் 5,118 கிலோ. ஏறக்குறைய ஒரு டன் கூடுதல்! 2009 மார்ச்சில் இரண்டாம் மாதிரி பிடதி அருகே விழுந்து மூன்று பேர் உயிரிழந்ததை எங்கள் வட்டாரத்தில் இன்றும் யாரும் மறக்கவில்லை. அதே என்.ஏ.எல். ஹன்சா என்ற சிறிய பயிற்சி விமானத்தை முழுதும் கூட்டுப்பொருளில் செய்து 1993-லேயே பறக்கவிட்டது. தேஜஸ் போர் விமானத்தின் எடையில் 45 விழுக்காடு கூட்டுப்பொருள். ஆகவே நம்மிடம் கை இருக்கிறது, ஆட்டோகிளேவ் இருக்கிறது. எடையை ஒவ்வொரு கிராமாக, வரைபடத்தின் முதல் கோட்டிலிருந்தே காவல் காப்பதுதான் கடினம். கார்பன் என்ற பெயர் மட்டும் எடையைக் குறைத்துவிடாது.

#11 மேகலை

இழைஅடுக்கி ஐயா சொன்ன முதல் கோடு என்பதைப் பிடித்துக்கொள்கிறேன். பழைய விமானத்தின் ஒரு பகுதியை மட்டும் இலேசாக்கினால் பலன் சிறிதுதான். தொடக்கத்திலிருந்தே இலேசாக வரைந்தால், உடல் இலேசானதால் இறக்கை சிறிதாகும், இறக்கை சிறிதானதால் எஞ்சின் சிறிதாகும், எஞ்சின் சிறிதானதால் எரிபொருள் தொட்டி சிறிதாகும், அதனால் உடல் இன்னும் இலேசாகும். எங்கள் பேராசிரியர் இதைச் சுருள்போலக் கரும்பலகையில் வரைந்து காட்டுவார்.

அந்தச் சுருளை எதிர்த்திசையில் சுழற்றுவது மின்கலம். ஒரு கிலோ எரிபொருளில் ஏறக்குறைய 12,000 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. நல்ல மின்கலத்தில் கிலோவுக்கு 250 அளவில். எஞ்சினைவிட மின்மோட்டார் திறமையானது என்பதைக் கழித்தாலும் இடைவெளி மலையளவு. எவியேஷன் நிறுவனத்தின் ஆலிஸ் விமானம் கூட்டுப்பொருள் உடலோடு, புறப்படும் எடையில் பாதியளவை மின்கலத்துக்கே கொடுத்து உருவானது. கூரியர் நிறுவனமான டி.ஹெச்.எல். 2021-இல் பன்னிரண்டு சரக்கு விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 2022 செப்டம்பர் 27 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் மோசஸ் லேக்கில் எட்டு நிமிடம் பறந்தது. நான் அந்தக் காணொளியை விடுதி அறையில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. 2025 பிப்ரவரியில் பணம் இல்லாமல் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டுப் பணியை நிறுத்திவைத்தார்கள். அன்று உண்மையிலேயே அழுகை வந்தது.

பல்கேரியாவின் டிரோனமிக்ஸ் வேறு வழியில் போனது. பிளாக் ஸ்வான் என்ற ஆளில்லா விமானம். கூட்டுப்பொருள் உடல், 350 கிலோ சரக்கை 2,500 கிலோமீட்டர் கொண்டுபோவதற்காக வடிவமைத்தது. 2023 மே மாதம் பல்சிக் விமான நிலையத்தில் முதன்முதலாகப் பறந்தது. விமானி இல்லை என்றால் இருக்கை, கருவிப் பலகை, கண்ணாடி, சூடேற்றி எதுவும் வேண்டாம். 350 கிலோ ஏற்றும் விமானத்தில் இந்தச் சுமை மிகப் பெரிய பங்கு. அதை நீக்கிவிட்டால் மேலே சொன்ன சுருள் வேகமாகச் சுழலும். எஞ்சின் சிறியது, புகையும் சிறியது. கூட்டுப்பொருளின் உண்மையான இடம் பழைய காரவானின் தோலை மாற்றுவதில் இல்லை. உலோகத்தில் செய்யவே முடியாத அளவு சிறிய, நாளெல்லாம் ஓயாமல் பறக்கும் விமானத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

#12 வடதிசை வானோடி

நாளெல்லாம் ஓயாமல் என்றீர்களே, அந்த இரண்டு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது தங்கையே. விமானிக்குப் பணி நேர வரம்பு உண்டு, தூக்கம் வேண்டும். ஆளில்லா விமானத்துக்கு அது இல்லை. அப்போது இலேசான விமானம் தன் விலையைச் சம்பாதித்துவிடும்.

என் வேலை போய்விடுமே என்று என் மனைவி கேட்டாள். இறக்கையில் பனி படியும்போது எந்த உயரத்துக்கு ஓட வேண்டும், எப்போது திரும்பிவிட வேண்டும் என்று முடிவெடுப்பதை இன்னும் பல காலத்துக்கு மனிதனிடம்தான் விட்டிருப்பார்கள் என்று சொன்னேன். ஆனால் 350 கிலோ பாலையும் மருந்தையும் ஓர் ஊருக்குத் தினமும் கொண்டுசேர்க்க என்னைவிட நல்ல வழி வந்தால், அந்த ஊர்க்காரர்களுக்காக நான் மகிழ்ச்சியோடு விலகுவேன்.

#13 தண்டவாளம்

சாலையே இல்லாத ஊர்களைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதை ஏற்றுக்கொள்கிறேன். இன்னொரு கேள்வி. பழைய ரயில் பெட்டியை உடைத்தால் இரும்பாக உருக்கிவிடலாம், அலுமினிய விமானமும் அப்படியே. உங்கள் கார்பன் விமானம் முப்பது ஆண்டுக்குப் பிறகு என்ன ஆகும்?

#14 இழைஅடுக்கி

ஐயா, எங்கள் தொழிலின் மிகப் பெரிய குறை அது. நாங்கள் பயன்படுத்தும் எப்பாக்ஸி பிசின் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது. காற்றில்லாத உலையில் சூடேற்றிப் பிசினைச் சிதைத்து இழையை மீட்கலாம். மீண்ட இழை துண்டு துண்டாக வரும், இறக்கைக்கு உதவாது, கார் பாகத்துக்கோ நாற்காலிக்கோ போகும். உருகக்கூடிய தெர்மோபிளாஸ்டிக் பிசின் இருக்கிறது. வெல்டிங்கூடச் செய்யலாம். ஆனால் அதை இறுக்க மிக அதிக வெப்பம் வேண்டும், கருவியும் விலை அதிகம்.

வீணாவது முப்பது ஆண்டுக்குப் பிறகு மட்டுமல்ல, தினமும்தான். வெட்டி எஞ்சிய துண்டுகளைப் பை பையாகக் குப்பைக்குப் போடுகிறோம். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஞாயிறு இரவு மின்சாரம் போய், ஜெனரேட்டரும் ஓடாமல், திங்கள் காலையில் உறைபெட்டி அறை வெப்பத்துக்கு வந்திருந்தது. ஒவ்வொரு சுருளுக்கும் வெளியில் இருந்த மணிக்கணக்கை அட்டையில் எழுதி வைப்போம். அந்த இரவு எத்தனை மணி என்று யாருக்கும் தெரியாததால் பதினோரு சுருளையும் தூக்கிப் போட்டார்கள். கண்ணுக்குப் புத்தம் புதிதாக இருந்த பொருள். தூக்கிப் போட்டது நான்தான். அதனால்தான் மேகலை சொன்ன எக்ஸ்-55 என் மனத்தில் நிற்கிறது. ஆட்டோகிளேவ் வேண்டாம், பாகம் குறைவு என்றால் சிறிய பட்டறையும் இதைச் செய்யலாம், வீணும் குறையும்.

#15 இழைஅடுக்கி

செய்து பார்த்து எழுதுகிறேன் என்றேன் அல்லவா, இதோ. தம்பி சரக்குமுனை கேட்ட ஃபோர்க்லிஃப்ட் கேள்விக்காக, பட்டறையில் அனுமதி வாங்கி, சனிக்கிழமை கழிவுத் துண்டுகளிலிருந்து ஓரடிச் சதுரத்தில் தரைப்பலகை மூன்று செய்தேன். ஒன்று அலுமினியத் தகடு. இரண்டாவது தேன்கூட்டு அட்டையின் இருபுறமும் கார்பன். மூன்றாவது அதே போன்றதுதான், ஆனால் மேலே கார்பனுக்கு மேல் கண்ணாடி இழை இரண்டு அடுக்கு, வண்ணம் பூசாமல். நான்கு கிலோ இரும்புக் குண்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மூன்றின் மேலும் போட்டேன்.

அலுமினியத்தில் கட்டைவிரல் உட்காரும் அளவு குழி. கார்பனில் விரலால் தடவினால்கூட ஒன்றும் தட்டுப்படவில்லை. நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒலி செத்துப்போயிருந்தது. வைர அரத்தால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். மேல்தோலுக்குக் கீழே அடுக்குகள் ஓலை பிரிந்ததுபோல் பிரிந்து, தேன்கூடு நசுங்கிக் கிடந்தது.

மூன்றாவதில் குண்டு விழுந்த இடத்தில் கண்ணாடி இழை பால்போல வெளுத்துவிட்டது. பழைய ஐம்பது காசு அளவு வெள்ளை வட்டம். பத்தடி தள்ளி நின்ற காவலாளிக்கும் தெரிந்தது. உள்ளே சேதம் இரண்டாவதைவிடக் குறைவு. தராசில் வைத்தபோது இரண்டாவதைவிட ஐம்பது கிராம் சொச்சம் கூடுதல். அலுமினியப் பலகையைவிட இன்னும் இலேசுதான்.

#16 சரக்குமுனை

அண்ணா, வெள்ளை வட்டம் தெரிந்தால் எங்கள் ஆள்களுக்கு அது போதும். இரவு இரண்டு மணிக்குக் கைவிளக்கோடு ஏறிப் பார்க்கிறவரிடம் நாணயத்தால் தட்டிப் பார் என்று சொல்ல முடியாது. வெளுத்திருந்தால் ஏற்றாதே என்று சொல்லலாம்.

#17 வடதிசை வானோடி

அருமை நண்பரே. கழித்தல் முப்பதிலும் அப்படித்தான் வெளுக்குமா? பிசின் குளிரில் நொறுங்கும் தன்மைக்கு மாறுமே.

#18 இழைஅடுக்கி

கழித்தல் முப்பது என்னிடம் இல்லை. பிரீபிரெக் உறைபெட்டியில் கழித்தல் 18 வரை கிடைக்கும். தூசி படாமல் உறையிட்டு வைப்பதாகச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறேன். நாளை காலையில் இன்னும் இரண்டு பலகை அடுக்குகிறேன், வெள்ளிக்கிழமை குண்டு போடுகிறேன். மேகலை, வார இறுதியில் ஓசூர் வர முடிந்தால் வா அம்மா, வெட்டிப் பார்க்கும்போது நீயும் பக்கத்தில் இருந்தால் நல்லது.